"அன்னிக்கே வாங்கிப் போட்டிருந்தா..." கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வது எப்படி?

எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தி முடிந்து, பீடாவை வாயில் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்ட கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். "அன்னிக்கே வாங்கிப் போட்டிருந்தா..." அவ்வளவுதான், அப்புறம் ஒவ்வொருவராக அவரவர் கதையை எடுத்துவிடுவார்கள். ஒருவருக்கு வேளச்சேரியில் ஒரு கிரவுண்டு, ஒருவருக்கு நூறு ஷேர், ஒருவருக்கு மஸ்கட் விசா, இன்னொருவருக்கு அசாமில் போஸ்டிங் போட்டார்கள் என்பதால் போகாமல் விட்ட பேங்க் வேலை. இந்தக் கதை இல்லாத வீடே கிடையாது. ஆனால் அதைச் சிரிக்கிற மாதிரி சொல்லத் தெரிந்தவர் ஒரு வம்சத்துக்கு ஒருவர் இருந்தாலே அதிகம். மற்றவர்கள் சொல்லும்போது சுற்றி இருப்பவர்கள் 'த்சொ த்சொ' என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இவ்வளவு நல்ல சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி வீணடிக்கிறார்களே என்று எனக்கு ரொம்ப நாளாக ஆதங்கம். அதற்காகத்தான் இந்தக் குறிப்புகள். பெரும்பாலும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவை, அதிலும் பாதிக்கு மேல் எங்கள் பெரிய மாமாவிடமிருந்து. அவரைப் பற்றிக் கீழே வருகிறது.

முதலில், உங்களிடம் இருப்பது கதைதானா என்று பாருங்கள்

யாரோ ஒருவர் உங்களைத் தேடி வந்து, இந்தா என்று நீட்டி, நீங்கள் (அல்லது உங்கள் அப்பா, பெரும்பாலும் அப்பாதான்) வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த 'வேண்டாம்' இல்லாவிட்டால் கதை இல்லை. "பிட்காயின் வந்தப்பவே வாங்கியிருக்கலாம்" என்பதெல்லாம் சேராது, ஏனென்றால் அதை உங்கள் வீட்டு வாசலில் யாரும் கொண்டுவந்து விற்கவில்லை, ஊரில் ஒருத்தரும் வாங்கவும் இல்லை. 2010 மே மாதம் அமெரிக்காவில் ஒருவர் 10,000 பிட்காயினைக் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கிச் சாப்பிட்டாரே, அவரிடம் கதை இருக்கிறது. பீட்சா எப்படி இருந்தது என்று அவர் எவ்வளவு நேரம் பேசினாலும் நான் கேட்கத் தயார்.

அதே மாதிரி லாட்டரியில் ஒரே ஒரு நம்பரில் போன கதைகள். தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தது 2003-ல், அதற்கு முன்னால் தெருவுக்கு ஒருவர் இந்தக் கதையை வைத்திருந்தார். இதில் உங்கள் பங்கு என்று எதுவும் இல்லை. நம்பர் விழவில்லை, அவ்வளவுதானே. கேட்கிறவர் உங்களுக்காகப் பரிதாபப்படலாம், உங்களைப் பார்த்துச் சிரிக்க வழியில்லை.

அப்புறம் கதைக்கு வயதாகியிருக்க வேண்டும். போன மாதம் விற்ற பங்கு இந்த மாதம் ஏறிவிட்டது என்று சொன்னால் உங்கள் குரலிலேயே அழுகை இருக்கும். எத்தனை வருடம் என்று கணக்கெல்லாம் இல்லை. உங்கள் வீட்டம்மா அந்தப் பேச்சை எடுத்தால் நீங்கள் எழுந்து வேறு அறைக்குப் போகாமல் உட்கார்ந்திருக்க முடிகிறதா? அப்படியானால் கதை பழுத்துவிட்டது, சொல்லலாம்.

காரணத்தைச் சொல்லுங்கள், தொகையை அல்ல

இது ஒன்றுதான் நான் சொல்ல வந்த விஷயம், மீதி எல்லாம் இதற்குப் பின்னால் வருவதுதான். எல்லோரும் தொகையில் போய் விழுகிறார்கள். "இன்னிக்கு அது ரெண்டு கோடி சார்!" சரி, ரெண்டு கோடி. அதைக் கேட்டு யாருக்காவது சிரிப்பு வருமா? எதிரில் இருப்பவருக்குத் தன்னிடம் ரெண்டு கோடி இல்லை என்பதுதான் ஞாபகத்துக்கு வரும். சிரிப்பு எங்கே இருக்கிறது என்றால், நீங்கள் வேண்டாம் என்று சொன்ன அந்தக் காரணத்தில். அந்த நாளில் அது எவ்வளவு நியாயமாக, எவ்வளவு புத்திசாலித்தனமாகத் தெரிந்தது என்பதை அப்படியே சொல்ல வேண்டும். "முட்டாள்தனமா விட்டுட்டேன்" என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டால் கேட்கிறவருக்கு வேலையே இல்லாமல் போகிறது.

ஆப்பிள் கம்பெனியின் மூன்றாவது பங்குதாரர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீவ் ஜாப்ஸ், ஸ்டீவ் வாஸ்னியாக் இருவரோடு 1976 ஏப்ரல் 1-ஆம் தேதி கையெழுத்துப் போட்டவர் ரொனால்ட் வெய்ன், அவருக்குப் பத்து சதவீதப் பங்கு. பன்னிரண்டே நாளில் விலகிவிட்டார், 800 டாலருக்கு. வழக்கமாக ஊரில் சொல்கிற கதை இங்கேயே முடிந்துவிடும், எல்லோரும் "அய்யய்யோ" என்பார்கள். ஆனால் காரணத்தைக் கேளுங்கள். மூன்று பேரில் அவர்தான் மூத்தவர், நாற்பதைத் தாண்டியவர். ஏற்கெனவே சொந்தத் தொழில் ஒன்று செய்து கையைச் சுட்டுக்கொண்டவர். கம்பெனிக்கு முதல் ஆர்டர் வந்தது, ஐம்பது கம்ப்யூட்டர். அதற்குச் சாமான் வாங்க ஜாப்ஸ் கடன் ஏற்பாடு செய்தார். ஆர்டர் கொடுத்த கடையோ ஒழுங்காகப் பணம் தராத கடை என்று பெயர் எடுத்தது. கூட்டு வியாபாரம் என்பதால் கடை பணம் தராமல் போனால் கடன்காரன் பங்குதாரர்களின் சொந்தச் சொத்தைப் பிடிக்கலாம். மற்ற இரண்டு பையன்களிடமும் பிடிக்க ஒன்றும் இல்லை. வீடு, கார் என்று நாலு காசு சேர்த்து வைத்திருந்தவர் வெய்ன் ஒருவர்தான்.

இப்போது சொல்லுங்கள், உங்கள் மாமனார் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "மாப்ளே, பசங்க சகவாசம் வேண்டாம், கையெழுத்தை வாபஸ் வாங்கிட்டு வாங்க" என்றுதானே? நம் எல்லோர் வீட்டிலும் சொல்லியிருக்கக் கூடிய அறிவுரை அது. அங்கேதான் கதை நம் கதையாகிறது, சிரிப்பும் வருகிறது.

பீட்டில்ஸ் இசைக்குழு விஷயமும் இதே மாதிரிதான். 1962 ஜனவரி 1-ஆம் தேதி லண்டனில் டெக்கா என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்களிடம் பதினைந்து பாட்டுப் பாடிக் காட்டினார்கள், கம்பெனி வேண்டாம் என்றுவிட்டது. அதே நாளில் வந்து பாடிய இன்னொரு குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் குழு லண்டனுக்குப் பக்கத்து ஊர், இவர்கள் லிவர்பூலிலிருந்து வர வேண்டும். பக்கத்தில் இருந்தால் கூப்பிட்ட நேரத்துக்கு வருவார்கள், போக்குவரத்துச் செலவும் மிச்சம். நம் ஊரில் கல்யாணத்துக்கு நாதஸ்வரம் பேசுகிறவர் யோசிக்கிற அதே யோசனை!

நம் பக்கத்துக் கதை ஒன்று. 1993 பிப்ரவரியில் இன்ஃபோசிஸ் பங்குகளைப் பொதுமக்களுக்கு வெளியிட்டார்கள், ஒரு பங்கு 95 ரூபாய். கேட்டு வாங்க ஆள் போதவில்லை. அன்றைக்கு விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் எல்லாம் இன்று தலையில் கை வைத்துக்கொண்டு கதை சொல்கிறார்கள். ஆனால் 1993 எப்படிப்பட்ட வருடம் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். முந்தைய வருடம்தான் பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் ஊழல் வெடித்து, பங்கு என்ற வார்த்தையைக் கேட்டாலே நடுத்தரக் குடும்பங்கள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தன. நூறு பங்கு 9,500 ரூபாய், அன்றைய விலையில் ஏறக்குறைய மூன்று பவுன். வீட்டில் கல்யாண வயதில் பெண் இருந்தால் எந்த அப்பா பேப்பரை வாங்குவார்? அந்தக் காலத்தில் பேங்கில் வேலை பார்த்த ஒரு சித்தப்பா சொல்வார், புரோக்கரிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, "ஃபாக்டரி எங்க இருக்கு?" ஃபாக்டரி கிடையாது சார், சாஃப்ட்வேர் என்றிருக்கிறார் புரோக்கர். "சரி, குடோனாவது இருக்கா?" என்று கேட்டேன் என்பார் சித்தப்பா. அந்தக் குடோன்தான் கதை. அதற்குப் பிறகு போனஸ் பங்கு, ஸ்பிளிட் என்று அவர் கணக்குப் போட ஆரம்பித்தால் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன்.

எங்கள் பெரிய மாமா சொல்கிற விதம்

இவர் கதையை எத்தனை தடவை கேட்டாலும் வீட்டில் எல்லோரும் மறுபடி சொல்லச் சொல்வோம். அவர் வாயால் எப்படி வருகிறதோ அப்படியே போடுகிறேன்.

"எண்பத்தேழுன்னு நினைக்கிறேன். அப்ப மாம்பலத்துல வாடகைக்கு இருக்கோம். ஒரு புரோக்கர், டிவிஎஸ் ஃபிஃப்டில என்னைப் பின்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறான். ஐப்பசி மாசம். வேளச்சேரி தாண்டி ஒரு இடத்துல ரோடு முடிஞ்சு போச்சு. வண்டியை நிறுத்திட்டு அவன் வேட்டியை மடிச்சுக் கட்டுறான். நானும் பேண்டை முட்டி வரைக்கும் சுருட்டிக்கிட்டேன். ஒரு கையில செருப்பு, ஒரு கையில பிளாட் மேப்பு. கொஞ்ச தூரம் போனதும் கையை நீட்டி, 'சார், இதான் சார் உங்க இடம்'ங்கிறான். பார்த்தா ஒரு எருமை படுத்திருக்கு. கழுத்து வரைக்கும் தண்ணி, தலை மட்டும்தான் வெளிய தெரியுது. 'யோவ், இதுல கிழக்கு எதுய்யா?'ன்னேன். 'எருமை மூஞ்சி எந்தப் பக்கம் பார்க்குதோ அதான் சார் கிழக்கு'ன்னான். சொல்லி வாயை மூடலை, எருமை மூஞ்சியைத் திருப்பிடுச்சு."

இந்த இடத்தில் மாமா கொஞ்சம் நிறுத்துவார். அப்புறம், "எருமைக்கே கழுத்தளவுன்னா எனக்கு எவ்வளவு வரும்னு யோசிச்சேன். வேணாம்னுட்டு வந்துட்டேன். அட்வான்ஸுக்கு வச்சிருந்த பணத்துல டயனோரா கலர் டிவி வாங்கினோம். ஞாயித்துக்கிழமை காலைல தூர்தர்ஷன்ல இந்தியில புராண சீரியல் போடுவான், தெருவே நம்ம வீட்டுலதான். ஒருத்தருக்கும் இந்தி தெரியாது. யாரு நல்லவன் யாரு கெட்டவன்னு உங்க அத்தைதான் மொழிபெயர்ப்பு. அவளுக்கும் தெரியாது."

கதை இங்கே முடியவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரித் தெருக்களில் படகு விட்டதை எல்லாச் சேனலிலும் காட்டினார்கள். மாமா அப்போது பெங்களூரில் மகன் வீட்டில் இருந்தார். டிவியைக் காட்டி, "பார்த்தியா, நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா" என்று அத்தையைக் கூப்பிட்டிருக்கிறார். இருபத்தெட்டு வருடம் கழித்து அவர் பக்கம் நியாயம் வந்திருக்கிறது, விடுவாரா? அத்தை திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்களாம்: "தண்ணி ரெண்டு வாரத்துல வடிஞ்சிடும். நாம வாடகை குடுத்தது எத்தனை வருஷம்?"

ஒன்று கவனியுங்கள். வெள்ளத்தில் வீடு, சாமான், சொந்தம் என்று எதையாவது இழந்தவர் யாராவது அந்த வட்டத்தில் உட்கார்ந்திருந்தால் மாமா எருமையோடு கதையை நிறுத்திக்கொள்வார், 2015 பக்கமே போக மாட்டார். யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். இதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்தக் கதையில் இன்னும் என்னென்ன இருக்கிறது பாருங்கள். விலை எங்கேயும் வரவில்லை. அன்றைய விலையும் இல்லை, இன்றைய விலையும் இல்லை. ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி, வேளச்சேரியில் சதுர அடி என்ன போகிறது என்பது சென்னையில் பால் பாக்கெட் போடுகிற பையனுக்குக்கூடத் தெரியும், கேட்கிறவர் மனதுக்குள் தானே பெருக்கிக்கொள்வார். நீங்கள் பெருக்கிச் சொன்னால் அது ரியல் எஸ்டேட் விளம்பரம். எப்படியும் தொகை சொல்லித்தான் ஆக வேண்டும் என்று கை அரித்தால் அன்றைய சம்பளத்தைச் சொல்லுங்கள். "என் ஆறு மாசச் சம்பளம்" என்றால் எல்லாத் தலைமுறைக்கும் புரியும்.

அடுத்தது, அந்த டிவி. வேண்டாம் என்று சொன்ன பிறகு அந்தப் பணம் எங்கே போனது? கட்டாயம் சொல்ல வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், பெரிய நஷ்டம். கிரைண்டரா, கட்டிலா, தங்கச்சி சீமந்தமா, எதுவாக இருந்தாலும் பெயரோடு, பிராண்டோடு சொல்லுங்கள். "செலவாயிடுச்சு" என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றுமே இல்லை.

வில்லன் யார்?

வில்லன் இல்லாமல் இந்தக் கதையை நம் ஆட்களுக்குச் சொல்லத் தெரியாது. "எங்கப்பா மட்டும் அன்னிக்குத் தடுக்கலைன்னா..." இங்கே கொஞ்சம் ஜாக்கிரதை. அப்பாவை வில்லனாக்குங்கள், தப்பில்லை, ஆனால் அவருக்கு நல்ல வசனமும் கொடுங்கள். என் நண்பர் ஒருவர் இதில் கெட்டிக்காரர். அவர் பிளஸ் டூ முடித்தபோது, தொண்ணூறுகளின் நடுவில், தெரு முனையில் புதிதாகக் கம்ப்யூட்டர் சென்டர் திறந்திருந்தார்கள். அவர் அப்பா விசாரிக்கப் போயிருக்கிறார். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்குள் செருப்பு போட்டுக்கொண்டு போகக் கூடாது, ஏசி அறை, தூசி படக் கூடாது என்று வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள். கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் கோர்ஸ், ஃபீஸ், சர்டிஃபிகேட் எல்லாம் விளக்கமாகக் கேட்டுக்கொண்டு பெரியவர் வெளியே வந்து பார்த்தால் செருப்பைக் காணோம். வெறுங்காலோடு வீட்டுக்கு வந்து சொன்னாராம்: "கழட்டி வச்ச செருப்பையே பார்த்துக்கத் தெரியலை, என் பையனை இவங்க என்னத்தப் பார்த்துக்கப் போறாங்க?" அன்று சாயங்காலமே நண்பரை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிட்டார்.

இதைச் சொல்லிவிட்டு நண்பர், "அதுல லாஜிக் இல்லைன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்பார். யாராலும் சொல்ல முடியாது. அவர் டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்து, தேர்வு எழுதி, அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் ஆனார். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் என்ற ஐடி வளாகம் திறந்தபோது கூடப் படித்தவர்களில் சிலர் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு அங்கே போனார்கள். இவர் அதே வழியாகப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். ஐடி கம்பெனிகளில் ஆட்குறைப்பு என்று செய்தி வருகிற நாட்களில் மட்டும் அப்பா போட்டோவுக்கு முன்னால் கூடுதலாக ஒரு நிமிடம் நிற்பதாகச் சொல்வார்.

மனைவியை, அல்லது கணவரை, வில்லன் ஆக்குவதாக இருந்தால் அவர் எதிரில் வைத்துத்தான் சொல்ல வேண்டும். இல்லாத இடத்தில் சொன்னால் அது கோள். எதிரில் சொன்னால் அவர் குறுக்கே விழுந்து திருத்துவார், "பொய் சொல்லாதீங்க, நான் வேண்டாம்னு சொல்லலை, வளையலை அடகு வைக்க மாட்டேன்னுதான் சொன்னேன்" என்று. அந்தக் குறுக்கீடு உங்கள் கதையைவிட எப்போதும் நன்றாக இருக்கும். மரியாதையாக வழிவிட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். மாமா கதையில் கடைசி வரி அத்தையுடையதாக இருப்பது தற்செயல் இல்லை.

தங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தங்கம் வாங்காமல் விட்ட கதைகள் பெரும்பாலும் சப்பென்று இருக்கும், ஏனென்றால் விலை மட்டும்தான் அதில் இருக்கிறது. 2000-ல் ஒரு பவுன் நாலாயிரத்துக்கும் கீழே, 2025 அக்டோபரில் 90,000 ரூபாயைத் தாண்டியது. சரி, அதற்கு என்ன செய்ய? விதிவிலக்கு ஒன்று கேட்டிருக்கிறேன். ஒரு அத்தை கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, கலர் சோடா எல்லாம் குடித்துவிட்டு, ஐந்து பவுன் செயினைக் கழுத்தில் வைத்துப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகு, சேதாரம் எதிர்க்கடையைவிட ஒரு சதவீதம் அதிகம் என்று எழுந்துவிட்டார்கள். எதிர்க்கடைக்குப் போனால் அன்றைக்கு லீவு. "நாளைக்கு வரலாம்"னு வந்தோம், அந்த நாளை இன்னும் வரவில்லை என்பார்கள். ஒரு சதவீதம் என்ற அந்தத் துல்லியம்தான் கதையைக் காப்பாற்றியது.

இரண்டாவது அடி இருந்தால் விடாதீர்கள்

சில கதைகளில் விட்டதை மறுபடியும் விடுவார்கள். ரொனால்ட் வெய்ன் கதைக்கே திரும்பினால், கையெழுத்துப் போட்ட அந்த 1976 ஒப்பந்தக் காகிதத்தை அவர் பல வருடம் பத்திரமாக வைத்திருந்தார். தொண்ணூறுகளில் அதை 500 டாலருக்கு விற்றார். 2011-ல் அதே காகிதம் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்து சுமார் 16 லட்சம் டாலருக்குப் போனது. கம்பெனியை விட்டது புரிகிறது, கடன்காரன் பயம். காகிதத்துக்கு என்ன பயம்?

உங்கள் கதையிலும் இப்படி ஒன்று இருக்கும், தேடிப் பாருங்கள். வேண்டாம் என்று விட்ட இடத்தையே பத்து வருடம் கழித்து மறுபடி போய்ப் பார்த்து, விலை ஏறிவிட்டது, இறங்கட்டும் என்று திரும்பி வந்தவர்கள் ஊரில் நிறைய. இந்த இரண்டாவது தடவையை வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். முதல் தடவை விட்டதற்கு ஊரே துணை, எல்லோரும்தான் விட்டார்கள். இரண்டாவது முழுக்க முழுக்க உங்கள் சொந்த உழைப்பு, அதைப் போய் மறைப்பார்களா?

கையிருப்பில் ஒரு ஈமு வைத்திருங்கள்

கதை சொல்லி முடித்ததும் வட்டத்தில் ஒருவர் ஆரம்பிப்பார், "வாழ்க்கையில ரிஸ்க் எடுக்கணும் தம்பி..." என்று. விட்டால் அரை மணி நேரம் போகும். இந்த ஆளுக்காகவே வேறு வகைக் கதை ஒன்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லிப் பிழைத்த கதை. தமிழ்நாட்டில் இதற்குப் பஞ்சமே இல்லை. தொண்ணூறுகளில் தேக்கு மரத் திட்டம், ஊருக்கு ஊர் முளைத்த அதிக வட்டி ஃபைனான்ஸ் கம்பெனிகள், அப்புறம் கொங்கு பக்கம் ஈமு கோழி. பணம் கட்டினால் குஞ்சு கொடுப்பார்கள், நீங்கள் வளர்க்க வேண்டும், வளர்ப்பதற்கு மாதாமாதம் பணமும் வரும் என்றார்கள். 2012-ல் எல்லாம் கவிழ்ந்து, பணம் போட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள், தீனி போட ஆளில்லாத கோழிகளுக்கு அரசாங்கம் தீனி போட வேண்டியதாயிற்று.

கோபிச்செட்டிபாளையம் பக்கத்து நண்பர் ஒருவரின் அப்பா அப்போது பணத்தைப் பையில் எடுத்துக்கொண்டு பண்ணைக்கே போய்விட்டார். உள்ளே போய் ஒரு ஈமுவுக்கு எதிரில் நின்றிருக்கிறார். அதுவும் நின்றிருக்கிறது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெரியவர் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். ஏனப்பா என்று கேட்டதற்கு, "அது என்ன மொறச்சுப் பாக்குது. கோழின்னா தலையக் குனிஞ்சு மேயோணும்" என்றாராம். இன்றைக்கு ஊரில் அவர் தீர்க்கதரிசி. குடோன் கேட்ட எங்கள் சித்தப்பா ஏமாளி. இரண்டு பேரின் காரணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எது உசத்தி?

ரிஸ்க் பற்றிப் பேசுகிறவர் இதைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிடுவார். பெரும்பாலும் அவரும் எதிலாவது பணம் போட்டிருப்பார்.

சொல்லவே கூடாதவை

வேண்டாம் என்று சொன்ன சம்பந்தங்களைப் பொதுவில் பேசாதீர்கள். அந்தப் பெண்ணோ பையனோ இன்று நன்றாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அவர்களுடைய உறவுக்காரர் ஒருவர் உங்களுக்கு மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அண்ணன் தம்பி பாகப் பிரிவினையில் விட்டுக்கொடுத்த நிலம், அதுவும் வேண்டாம், கேஸ் முடிந்து இரண்டு தரப்பும் ஒரே பந்தியில் உட்காருகிற வரைக்கும். படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர்களைப் பார்த்தபடியே சொல்வதும் கூடாது. அது கதையாக இருக்காது, டியூஷன் ஆகிவிடும்.

கேட்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒருவர் சொல்லி முடித்ததும் "விடுங்க, நமக்குக் குடுத்து வைக்கலை" என்று முடித்து வைக்காதீர்கள். நெற்றியில் எழுதின எழுத்து, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை, இதெல்லாம் அந்த மனிதருக்கும் தெரியும். உடனே உங்கள் கதையை எடுத்துவிட்டு அவருடையதைச் சின்னதாக்குவதும் நாகரிகம் இல்லை. "அப்புறம் அந்த டிவி என்னாச்சு?" என்று கேளுங்கள், அவருக்குப் பூரித்துப் போகும்.

கடைசியாக, போனில் மேப் எடுக்கிற ஆள். எல்லா வட்டத்திலும் ஒருவன் இருக்கிறான், "எந்த இடம் மாமா, கரெக்டா சொல்லுங்க" என்று கேட்டு, விரலால் பெரிதாக்கி, அங்கே இன்றைக்கு என்ன இருக்கிறது என்று முகத்துக்கு நேரே நீட்டுவான். இதற்கு முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவ்வளவு நேரம் கட்டிய கதை ஒரு நொடியில் சோகமாகிவிடும். போன தீபாவளிக்கு என் தம்பி இதே வேலையைச் செய்தான். எருமை படுத்திருந்த இடத்தில் இப்போது பெரிய அபார்ட்மெண்ட், நடுவில் நீலமாக நீச்சல் குளம். மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனை வாங்கி நிதானமாகப் பார்த்தார். "தண்ணி இன்னும் வடியலை போலிருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.